மாரிகாலத் தொழிலும் எமது பெண்களும்

மேலைத்தேய நாடுகளில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களை இலையுதிர் காலம் என்பார்கள். மீன்பிடிக்கவும் வேட்டைக்குப் போகவும் உகந்த காலம் அதுவே எனச் சொல்லி, விடுமுறை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் போவார்கள். அங்கு பலருக்கு அது பொழுதுபோக்கு. எமது வடக்கு, கிழக்கில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. அதே மாதங்கள் எமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். மழை தொடங்கும், காற்று சோளகத்திலிருந்து வாடைக்கு மாறும், குளங்கள் நிரம்பும், களப்புகள் கடலோடு கலக்கும். மீனும் இறாலும் இடம் மாறும் காலமும், காட்டு விலங்குகள் வயலுக்கு இறங்கும் காலமும் இதுதான். எம்மவருக்கு இது அடுப்பு எரிவதும் எரியாமல் விடுவதும் தீர்மானமாகும் காலம்.

சமூகப் பணியாளராகக் கிராமங்களுக்குச் செல்லும் எனக்கு, இந்த மாதங்களில் பெண்களை வீடுகளில் காண்பது அரிது. வயலில் இல்லாவிட்டால் களப்பில் நிற்பார்கள், களப்பில் இல்லாவிட்டால் விறகுக்குக் காட்டோரம் போயிருப்பார்கள். ஆனால் இந்த மூன்று இடங்களிலும் அவர்கள் செய்யும் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

கடல் குழம்பும், களப்பு திறக்கும்

எமது பகுதியில் கடலுக்கு இரண்டு காலம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அப்போது முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்புக் கிழக்குக் கரைகளில் கடல் தொழிலுக்கு இடங்கொடுக்கும். நாயாறு, கொக்கிளாய்க் கரைகளுக்குத் தென்பகுதியிலிருந்து பருவகாலத் தொழிலாளர்கள் வந்து வாடி அமைப்பதும் அந்தக் காலத்தை நம்பித்தான். ஐப்பசியில் வாடைக்காற்று தலைகாட்டத் தொடங்கியதும் அந்தக் கரைகளில் கடல் குழம்பிவிடும். சிறிய படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். அதே வேளையில் மன்னார் வளைகுடாப் பக்கத்தில், அரிப்பு, சிலாவத்துறை போன்ற இடங்களில், கடல் அமைதியடைந்து தொழில் சூடுபிடிக்கும். ஒரு கரையில் அடுப்பு அணையும்போது மறு கரையில் அடுப்பு எரிகிறது. ஆண்களுள் சிலர் கரை மாறிப் போய்த் தொழில் செய்வார்கள். பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண் அப்படிப் போகமுடியாது. அவளுக்குக் கிட்ட உள்ளது களப்பு.

யாழ்ப்பாணத்தில் கடனீரேரி என்கிறோம், மட்டக்களப்பில் வாவி என்கிறார்கள், வன்னியில் களப்பு என்றும் சும்மா கடல் என்றும் சொல்வார்கள். முல்லைத்தீவின் நந்திக்கடல் பெயரில் கடல் ஆனாலும் அது ஒரு களப்பே. கோடையில் இதன் வாயில் மணல் மேடிட்டு அடைபட்டுவிடும். மாரி மழையில் வயல்வெளிகளினதும் ஆறுகளினதும் வெள்ளம் வந்து சேர, நீர்மட்டம் ஏறி, முகத்துவாரம் தானாக உடைக்கும் அல்லது ஊரவர் கூடி வெட்டி விடுவார்கள். வட்டுவாகலிலும் நாயாற்றிலும் இந்த நாளைக் கிராமமே பார்த்திருக்கும். எப்போது வெட்டுவது என்பதில் கமக்காரருக்கும் தொழிலாளருக்கும் இடையே இழுபறியும் வரும். வயல் மூழ்கமுன் வெட்டவேண்டும் என்பார் கமக்காரர். இறால் வளரமுன் வெட்டக்கூடாது என்பார் தொழிலாளர்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களுக்கும் சாதாளைக்கும் இடையில் ஒதுங்கி வளர்கின்றன. வளர்ந்த பின் மீண்டும் கடலுக்குப் போகின்றன. மழைநீர் சேர்ந்து களப்பின் உப்புக் குறையும்போது அவை கூட்டமாகக் கடல்வாயை நோக்கி நகரும். அந்த நகர்வில்தான் இறால் தொழில் இருக்கிறது. கண்டலை விறகுக்கு வெட்டினால் அடுத்த வருட இறாலையும் சேர்த்தே வெட்டுகிறோம் என்று நான் கூட்டங்களில் சொல்வதுண்டு. 'அது எங்களுக்குத் தெரியும் மிஸ், வெட்டுறவைக்குச் சொல்லுங்கோ' என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். களப்பைக் காப்பாற்றும் அறிவு பெண்களிடம் நிறையவே இருக்கிறது, அதைச் சொல்லும் இடம்தான் அவர்களுக்கு இல்லை.

படகில்லாத தொழில்

ஆண்கள் வீச்சுவலையோடும் சிறகுவலையோடும் கூடோடும் தொழில் செய்கிறார்கள். பெண்களிடம் பெரும்பாலும் இரண்டு கைகளும் ஒரு பறியும் மட்டுமே உண்டு. முழங்கால் அளவு, சில இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்தும் இருந்தும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். நண்டு எடுக்கிறார்கள், மட்டி பொறுக்குகிறார்கள். கரையில் நிற்பவர்கள் வலையில் சிக்கிய நண்டைக் காலொடியாமல் கழற்றிக் கொடுக்கிறார்கள். கால் ஒடிந்த நண்டுக்கு விலை இல்லை என்பதால் அது பொறுமையும் பழக்கமும் வேண்டிய வேலை. யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் பூநகரி, மன்னார்ப் பக்கத்திலும் பிடிபடும் நீல நண்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. அதைச் சுத்தம் செய்து சதை எடுக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பான்மையினரும் பெண்களே.

உள்ளூரில் குளங்கள் இருக்கின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களிலும் ஊர்ச் சிறு குளங்களிலும் மழை ஏற ஏற மீனும் ஏறும். இன்று எமது குளங்களில் அதிகமாகப் பிடிபடும் திலாப்பியா எமது நாட்டு மீன் அல்ல. 1952 இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. எமது சொந்த மீன்களில் விரால் முக்கியமானது. மழையோடு அது குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் தண்ணீரின் மேல் கூட்டமாகத் திரியும்போது தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் பெரிய விரால் இலகுவில் அகப்படும். ஆனால் காவலை எடுத்துவிட்டால் குஞ்சுகள் வேறு மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டத்தையே இழப்பதா என்று சிந்திக்கவேண்டும்.

குளம் நிறைந்து வான் பாயத் தொடங்கினால் ஊரே திரளும். பாயும் நீரை எதிர்த்து மீன் துள்ளி ஏறும். பிள்ளைகள் அத்தாங்கோடும் நுளம்புவலைத் துண்டோடும் இறங்குவார்கள். பார்ப்பதற்குக் கொண்டாட்டமாகவே இருக்கும். ஆனால் வான் நீரின் இழுவையை வெளியில் நின்று மதிப்பிடமுடியாது. அதில் கால் வழுக்கினால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். மீன் அகப்பட்டால் ஒரு நேரக் கறி, பிள்ளை அகப்பட்டால் என்ன செய்வோம்? வான் பாயும் நாட்களில் பிள்ளைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை அயலவர் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஒரு கிராமத்தைக் கண்டிருக்கிறேன். செலவில்லாத நல்ல ஏற்பாடு அது.

'ஒரு தொழிலும் இல்லை'

நலத்திட்டம் ஒன்றுக்கான விபரம் திரட்டும்போது படிவத்தில் 'தொழில்' என்றொரு கூடு இருக்கும். கணவரைப் போரில் இழந்த ஓர் அக்காவிடம் அதைக் கேட்டேன்.

'நான் என்ன பிள்ளை தொழில் செய்யிறன்? சும்மாதான் இருக்கிறன். இல்லை எண்டு போடுங்கோ.'

அப்போது அவர் தலையில் ஈரத் துணி சுற்றியிருந்தார். கைவிரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிக் களப்புக்குப் போய், ஏழு மணிக்குத் திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு என் முன்னால் இருந்தார். அந்த மாதம் முழுவதும் வீட்டுச் செலவு அவர் பிடித்த இறாலில்தான் நடந்தது. அதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய பிறகு, 'அப்ப நீங்கள் மீன்பிடித் தொழிலாளி தானே அக்கா?' என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 'அது ஆம்பிளையளுக்குச் சொல்லுற பேரெல்லே' என்றார்.

சமூகவியல் படித்தபோது 'கணக்கில் வராத உழைப்பு' என்று ஒரு பாடம் இருந்தது. பரீட்சைக்காகப் படித்த அந்தச் சொல்லின் முழுப் பொருளை அந்த வெளுத்த விரல்களில்தான் கண்டேன். படகும் வலையும் உள்ளவன் தொழிலாளி, கையால் பிடிப்பவள் 'உதவி செய்பவள்' என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஊறிப்போயிருக்கிறது. எம்மையும் அறியாமல் நாமும் அதையே சொல்லிக்கொடுக்கிறோம்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல. புயலோ வெள்ளமோ வந்து நிவாரணம் கொடுக்கும்போது தொழில் இழந்தவர் யார் என்பதைப் பதிவேட்டைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். வலை, ஐஸ் பெட்டி போன்ற உதவிகள் வரும்போது சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்கிறார்கள். காப்புறுதி, கடன் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. 'தொழில் இல்லை' என்று எழுதிய பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அவள் இழந்ததும் இழப்பாகக் கொள்ளப்படுவதில்லை.

ஒரு கிராமத்தில், களப்புத் தொழில் செய்யும் பெண்கள் சிலர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது, 'பெண்களைச் சேர்க்கும் வழக்கம் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சங்கத்தின் யாப்பைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி, பெண்களோடு இருந்து வரி வரியாக வாசித்தோம். பெண்கள் சேரக்கூடாது என்று எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. வழக்கம் வேறு, விதி வேறு என்பதை அன்று அந்தப் பெண்கள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். அடுத்த பொதுக்கூட்டத்திற்கு அவர்கள் யாப்பின் பிரதியோடு போனார்கள். விவாதம் சூடாகத்தான் நடந்தது. முடிவில் நான்கு பேரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நான்கு என்பது சிறிய தொகை. ஆனால் அந்த ஊரில் அதற்கு முன் அது பூச்சியமாக இருந்தது.

முற்பணம் என்னும் கயிறு

பிடித்ததை விற்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடையில் வருமானம் குறைந்தபோது கரையில் நிற்கும் வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருப்பார்கள். பிள்ளையின் பாடசாலைச் செலவு, மருந்துச் செலவு, நுண்கடன் தவணை என்று அது போயிருக்கும். முற்பணம் வாங்கியவர் பிடித்ததை அந்த வியாபாரிக்கே கொடுக்கவேண்டும், அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும். வட்டி இல்லைத்தானே என்று நாம் ஆறுதல் அடைகிறோம். உண்மையில் வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் ஓர் இரவில் 2 கிலோ இறால் பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாரிகாலத்தில் 50 இரவுகள் போகிறாள். முற்பணம் வாங்கியதால் கிலோவுக்கு 150 ரூபா குறைத்துக் கொடுக்கிறாள். 2 கிலோ, 50 இரவு, 150 ரூபா: மொத்தம் 15,000 ரூபா. அவள் வாங்கிய முற்பணம் 10,000 ரூபாவாக இருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்ததற்கு மேலாக இந்த 15,000 ரூபாவையும் கொடுத்துவிட்டாள். உங்கள் சொந்தத் தொகைகளைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள். கொப்பி ஒன்றில் திகதி, கிலோ, விலை மூன்றையும் எழுதி வைத்தால் போதும். அந்தக் கொப்பியே, நீங்கள் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு நாளைக்கு ஆதாரமாகவும் பயன்படும்.

மாரியில் கருவாடு போட வெயிலை நம்பமுடியாது. ஈரப்பதனில் புழு வைத்துவிடும். ஆகவே பிடித்ததை அன்றே விற்கவேண்டிய அவசரம் பெண்களின் பேரத்தைப் பலவீனப்படுத்துகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு றெஜிபோம் பெட்டியும் ஐஸும் வாங்கி, இறாலின் நிறைக்குச் சமமான நிறை ஐஸ் போட்டு அடுக்கினால், சந்தைக்கோ பட்டணத்துக்கோ கொண்டுபோகும்வரை பழுதாகாது. ஐஸ் போடாத இறாலை அன்றே விற்கவேண்டும், ஐஸ் போட்டதை மறுநாளும் விற்கலாம். விலை பேச அந்த அவகாசம் பெரிய உதவி. ஒருவரிடமே எல்லாவற்றையும் கொடுக்காமல் இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்பதும் அப்போதுதான் சாத்தியமாகும். பிடித்ததில் ஒரு பங்கை வீட்டுச் சட்டிக்கு என்று முதலிலேயே எடுத்து வைக்க மறவாதீர்கள். நல்ல மீனை விற்றுவிட்டுப் பிள்ளைக்கு வெறுஞ்சோறும் சம்பலும் கொடுக்கும் வீடுகளில் இரத்தச்சோகையுள்ள பிள்ளைகளை நிறையக் காண்கிறோம்.

காட்டுப் பக்கம்

வன்னி மண்ணில் வேட்டை பழமையான வழக்கம். கிழக்கில் வாகரை, வெருகல், மூதூர்ப் பகுதிகளில் தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகத்தினர் காட்டையும் கடலையும் சேர்த்தே நம்பி வாழ்ந்தவர்கள். 1911 இல் வெளிவந்த செலிக்மனின் வேடர் பற்றிய ஆய்வு நூலிலும் அவர்கள் பற்றிய பதிவு இருக்கிறது. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையும் கடல் தடையும் இருந்தபோது காடு பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இன்று நடப்பது பெரும்பாலும் அந்த வேட்டை அல்ல. ஐப்பசியில் காலபோக நெல் விதைத்ததும் பன்றி வயலுக்கு இறங்கும். அதைக் காரணங்காட்டி கம்பிச் சுருக்கும், கட்டுத்துவக்கும், தீனிக்குள் வைக்கும் பன்றிவெடியும் காட்டோரமெங்கும் வைக்கப்படுகின்றன. இறைச்சி விற்பனைக்குப் போகிறது. கட்டுத்துவக்கு பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுகிறது. அது மனிதரின் முழங்கால் உயரம். பன்றிவெடியைக் கடித்து வாய் சிதறிய யானைக்குட்டிகள் பட்டினி கிடந்தே சாகின்றன. சுருக்குக்கு மானும் ஒன்று, மாடும் ஒன்று, மனிதக் காலும் ஒன்று.

விறகுக்குப் போன வழியில் கட்டுத்துவக்கில் முழங்கால் சிதறிய ஒரு தாயை நான் அறிவேன். போர் முழுவதும் ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி வந்தவர். 2009 க்குப் பின் தன் சொந்த ஊர்க் காட்டில் காலை இழந்தார். துவக்குக் கட்டியவர் யார் என்று ஊருக்குத் தெரியும். 'சொந்தக்காரன், அவனுக்கும் பிள்ளையள் இருக்கு' என்று சொல்லி அவர் முறையிடவில்லை. முறையிடாததால் எந்த நட்டஈடும் கிடைக்கவில்லை. இன்று அவரின் மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்க்கிறாள். வேட்டையில் கிடைத்த இறைச்சியை ஊர் பங்குபோட்டுக்கொண்டது. அதற்கான விலையைக் கட்டியவர்கள் இந்த இரண்டு பெண்கள் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நாம் அறிந்திருக்கவேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உண்டு. 2009 இல் அது மேலும் இறுக்கமாகத் திருத்தப்பட்டது. மான், மரை, அழுங்கு, உடும்பு போன்றவற்றைக் கொல்வதும் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். கடலில் ஆமையும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவும் அவ்வாறே. மாரியோடு எமது களப்புகளுக்குத் தொலைதூர நாடுகளிலிருந்து வந்திறங்கும் தாரா, பூநாரை முதலிய பறவைகளும் கறிக்கு உரியவை அல்ல. மன்னார் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக உலக அளவில் ஏற்கப்பட்டதும் அந்தப் பறவைகளினாலேயே. சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாகவும், நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கமாகவும் அறிவிக்கப்பட்டன. எங்கே எல்லை, எங்கே தொழில் செய்யலாம் என்பதைக் கிராம அலுவலரிடமும் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எல்லை தெரியாமல் பிடிபட்டு வழக்குக்கு அலைவது பெரும்பாலும் ஏழைகளே.

சமைத்துக் கொடுக்கும் கை எமது கை. 'என்ன இறைச்சி, எப்படிக் கிடைத்தது?' என்று கேட்கும் உரிமை அந்தக் கைக்கு இருக்கிறது. கட்டுத்துவக்கில் விழுந்த இறைச்சி எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று ஒரு கிராமத்துப் பெண்கள் சேர்ந்து சொன்னால் அது பொலிசாரின் அறிவித்தலைவிடப் பலமானது.

கவனிக்கவேண்டிய ஆபத்துகள்

மாரிகாலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1964 டிசெம்பரில் மன்னாரைத் தாக்கிய புயல், 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2008 நவம்பரில் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா, 2025 நவம்பர் இறுதியில் நாடு முழுவதையும் உலுக்கிய டிட்வா என எல்லாமே இந்தப் பருவத்தில் வந்தவை. களப்புக்குப் போகுமுன் வானிலை அறிவித்தலைக் கேளுங்கள். தனியே போகாமல் இருவராகவேனும் போங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கண்ணிவெடி ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இணைந்தது. அகற்றும் பணியில் எமது பெண்கள் பலர், குடும்பத் தலைவிகள் உட்பட, வெயிலிலும் மண்ணில் முழந்தாளிட்டு வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் வெள்ளம் மண்ணை அரித்துச் செல்லும்போது புதைந்து கிடந்தவை வெளியே வரலாம், இடம்மாறியும் வரலாம். அறிமுகமில்லாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடவேண்டாம், பழைய இரும்பென்று எடுத்து வரவும் வேண்டாம். வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

அடுத்தது எலிக்காய்ச்சல். 2024 டிசெம்பரில் யாழ் குடாநாட்டில் பரவிச் சில உயிர்களைப் பறித்த காய்ச்சல் இதுவே என உறுதிப்படுத்தப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர், சேறு ஆகியவற்றினூடாகக் காலிலுள்ள வெடிப்பு, புண் வழியே இது உட்புகும். வயலிலும் நீரிலும் இறங்குபவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் தடுப்பு மாத்திரை பற்றி ஆலோசனை தருவார்கள். காய்ச்சலோடு தசைநோவும் கண் சிவப்பும் இருந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். தண்ணீரில் நிற்கும் தொழில் என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

கடலில் வேறொரு துன்பமும் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரையான தடைக்காலம் நீங்கலாக, இந்திய இழுவைப் படகுகள் எமது வட கடலுக்குள் வந்து அடியை வாரிச் செல்கின்றன. இழுவைமடித் தொழில் எமது நாட்டில் 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் தடை செய்யப்பட்டது. ஓர் இரவில் அறுபட்ட வலைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அடகு வைத்த தாலிக்கொடியோ காப்போ இருக்கிறது. இரு கரையிலும் இருப்பவர்கள் ஏழைத் தொழிலாளர்களே என்பதும் உண்மை. ஆனால் பேச்சுவார்த்தை மேசைகளில் பெண்களைக் காண்பது அரிது. வலை அறுந்த மறுநாள் கடன்காரருக்குப் பதில் சொல்பவள் பெண் என்றால், அந்த மேசையில் அவளுக்கும் ஒரு கதிரை வேண்டும்.

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் வரும்வரை காத்திருக்காமல் இந்த மாரியிலேயே சிலவற்றைத் தொடங்கலாம். முதலாவது, படிவத்தில் தொழில் என்று கேட்டால் 'களப்பு மீன்பிடி', 'நண்டுத் தொழில்', 'கருவாட்டுத் தொழில்' என்று துணிந்து எழுதுவியுங்கள். இரண்டாவது, கடற்றொழில் பரிசோதகரிடம் பெயர் பதிவதற்கும் சங்கத்தில் சேர்வதற்கும் என்ன தேவை என்று சேர்ந்து போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் நாளை வா என்பார்கள், பத்துப் பேர் போனால் கதிரை போடுவார்கள். மூன்றாவது, கொப்பிக் கணக்கு. நான்காவது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சேமிப்பிலிருந்து கோடைக்கென ஒரு சிறு சுழற்சிக் கடன் நிதியை ஒதுக்கினால் முற்பணக் கயிறு தளரும். ஐந்தாவது, சிறு கண் வலை, தங்கூசி வலை, சினை நண்டு ஆகியவற்றை விலக்குவோம். சிங்க இறால் பிடிப்பதற்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தடை உண்டு என்பதையும் நினைவில் கொள்வோம். வயிறு நிறைய முட்டையோடு உள்ள நண்டைத் திருப்பி விடுவது தருமம் மட்டுமன்று, அடுத்த வருடத்துக்கு இடும் சேமிப்பும் அதுவே.

முன்பு 'இல்லை எண்டு போடுங்கோ' என்ற அக்காவின் வயதையொத்த பல பெண்கள் இன்று பிள்ளைகளை உயர்தரம் வரை படிப்பித்திருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டும், நினைவுநாட்களில் விளக்கேற்றிக்கொண்டும், இடையில் களப்புக்கும் போய் வந்தே அதைச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் 'அம்மா என்ன தொழில் செய்தவ?' என்று கேட்டால் அவர்கள் தயங்காமல் பதில் சொல்லவேண்டும். அதற்கு அந்தப் பதிலை முதலில் தாய்மார் நாம் சொல்லிப் பழகவேண்டும். இந்த ஐப்பசியில் உங்கள் வீட்டுக்குப் படிவத்தோடு யாராவது வந்தால், அந்தக் கூட்டை வெறுமையாக விடாதீர்கள் சகோதரிகளே.